விறகுக் கணக்கு

2022 ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்திருந்தது. ஆக ஒரு சிலிண்டர் ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. கொழும்பில் மாடிவீட்டுக்காரர்கள் விறகடுப்பு மூட்ட இடம் தேடியதைப் பத்திரிகைகள் படம்போட்டு எழுதின. மலையகத்தில் கொஸ்லந்தவைச் சுற்றிய தோட்ட லயங்களில் அது ஒரு செய்தியே இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகில்தான் சமைத்தன என்றால், தோட்டத்து நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே விறகுக்கு விலை கிடையாது, போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பதுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களின் எண்ணம். அந்த எண்ணம் தவறு. தோட்டத்து விறகு இலவசமாக ஒருநாளும் இருந்ததில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியாகவே அது நடைமுறையில் இருந்து வந்திருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் பதியப்படாததால் அது கூலியாகவும் தெரியவில்லை, உரிமையாகவும் நிற்கவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு ஒரு பெண் வாரத்துக்கு மூன்று முறை விறகுக்குப் போகிறாள், ஒவ்வொரு முறையும் போக, வெட்ட, கட்ட, சும்மாடு வைத்துச் சுமந்து திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு இருபத்துநான்கு மணி நேரம், அதாவது தோட்டக் கணக்கில் மூன்று முழுப் பேர், மூன்று நாள் வேலை. 2024 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா சம்பளத்தில் அது 4,050 ரூபா. அப்போதைய சிலிண்டர் விலைக்குக் குறையாத தொகை. தோட்டம் இந்த நேரத்துக்குப் பேர் போடுவதில்லை, வீட்டு ஆண்களும் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. பணமாகக் கையை விட்டுப் போகாததெல்லாம் செலவில்லை என்று நினைக்கும் பழக்கம் நமக்கு நெடுநாளாக உண்டு. பெண்களின் நேரம் அதில் முதலில் அடிபடுகிறது.

இந்த விறகு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். காட்டு மரத்தை வெட்டித்தான் லயத்து அடுப்பு எரிகிறது என்று நினைப்பவர்கள் கவ்வாத்து வெட்டும் மலையைப் பார்த்திருக்கமாட்டார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுவார்கள். அப்போது மலை முழுக்க விழுகிற மிலாறுதான் பல குடும்பங்களின் முதல் விறகு. தேயிலைக் குச்சி மெலிந்தது, ஆனால் கட்டி மரம். சூடு நிற்கும், தணல் நன்றாகப் பிடிக்கும். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடவு செய்யும்போது கிடைக்கும் வேர்க்கட்டைக்கு லயத்தில் போட்டியே நடக்கும். அடுத்து நிழல் மரங்களில் கழிக்கும் கிளை. சவுக்கு என்று மலையகத்தில் சொல்லப்படும் கிரேவில்லியா சட்டென்று பற்றி சட்டென்று எரிந்துவிடும். முள்முருங்கை மெத்தென்ற மரம், புகையைத் தவிர அதிகம் தராது. டர்பன்டைன் மரம் நின்று எரியும். கொய்யாக் கிளை கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள். ஆனால் மிலாறை மலையிலேயே விட்டுவிட வேண்டும் என்பது தேயிலை விஞ்ஞானம் சொல்லும் பாடம். மழை அடித்துப் போகாமல் மண்ணைக் காப்பதும், மக்கி உரமாவதும் அதுதான். ஒரே குச்சி மண்ணுக்கும் வேண்டும், அடுப்புக்கும் வேண்டும். காட்டுக்கும் அடுப்புக்கும் நடக்கும் சண்டையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மண்ணுக்கும் அடுப்புக்கும் நடக்கும் இந்தச் சண்டையைப் பற்றிப் பேசுவதேயில்லை.

விறகால் புகை வருகிறது, புகையால் நோய் வருகிறது, எரிவாயு கொடுத்தால் தீர்ந்தது என்பது நியாயமான எதிர்வாதம். வீட்டுப் புகையால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விறகடுப்பின் மணத்தைப் பாடி இதை மூடி மறைப்பவர்கள் அந்த அடுப்பின் முன் உட்காராதவர்கள். ஆனாலும் எரிவாயு இங்கே பாதி வேலையைத்தான் செய்யும். கொஸ்லந்தவிலிருந்து பெரகலை வழியாக ஹப்புத்தளைக்கு ஏறினால் 1,400 மீற்றர் உயரம். மார்கழி, தை மாதங்களில் அங்கே லயத்துக் காம்பராவைச் சூடாக்குவதற்கு அடுப்பைத் தவிர வேறு எதுவும் கிடையாது. துரை பங்களாவில் குளிர் காயத் தனியாகத் தீக்கணப்பும் அதற்கு மேலே புகைக்கூண்டும் வைத்துக் கட்டினார்கள். லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் சோறும் குளிர்காய்தலும் நனைந்த கம்பளியை உலர்த்துவதும் பிள்ளைக்குக் குளிக்க வெந்நீரும் ஒரே அடுப்பில். சிலிண்டர் சோற்றைப் பொங்கிக் கொடுக்கும். அறையைச் சூடாக்க அதை மூன்று மணி நேரம் எரியவிட யாருக்குக் கட்டுப்படியாகும்?

புகையின் பெரும்பகுதிக்குக் காரணம் ஈரம். பச்சையாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். இருபது கிலோக் கட்டைத் தலையில் சுமக்கும் பெண் பத்துக் கிலோத் தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறாள். அடுப்பில் வைத்தால் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரை விரட்டிவிட்டுத்தான் பானைக்கு வரும். பிளந்து, மண் படாமல் அடுக்கி, மேலே மூடி, பக்கம் திறந்து காற்றாட விட்டால் சில மாதத்தில் சரியாகிவிடும். கொஸ்லந்த அமைந்த ஊவாவுக்கு இதற்கென்றே வாய்த்த பருவம் உண்டு: ஆடி, ஆவணியில் தேயிலைக்கு மணம் ஏற்றும் அதே வறண்ட கச்சான் காற்று விறகையும் உலர்த்தும். ஐப்பசி மழைக்கு முன்னால் அடுக்கி முடித்தவர்களுக்கு அந்த ஆண்டு கண் எரியாது. அடுக்க இடம் எங்கே என்பதுதான் கேள்வி. இஸ்தோப்பின் ஓரமும் அடுப்புக்கு மேல் ஒரு பரணும். அதற்கு மேல் லயத்தில் இடமில்லை. இரண்டு நாள் விறகுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாத வீட்டில் ஈர விறகு எரிவதை அறியாமை என்று சொல்ல முடியாது. 1980களில் உருவான அநாகி என்ற இரண்டு வாய் மண்ணடுப்பு குறைந்த விறகில் இரண்டு பானையை ஏற்றும். அதோடு ஒரு புகைபோக்கியும் நாலு தகரம் போட்ட விறகுக் கொட்டிலும் கிடைத்தால், காசு கொடுத்து வாங்கும் எந்த எரிபொருளும் வருவதற்கு முன்பே பாதிப் புகை போய்விடும். இது என் மதிப்பீடு. ஆனால் தூக்கிப்போடக்கூடிய மதிப்பீடு அல்ல என்று நினைக்கிறேன்.

கொஸ்லந்த என்றதும் எழுகிற அடுத்த ஆட்சேபம் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை ஆட்களோடு மண் மூடிய இடம் அது. மரத்தை வெட்ட அனுமதித்தால் இன்னும் எத்தனை மலை இறங்கும் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு வாதமாகவே ஆகிவிட்டது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்த பிறகும் மக்கள் அங்கேயே குடியிருந்தார்கள், போக வேறு இடம் தரப்படவில்லை. அந்தச் சாவுகளுக்கு விறகுக்கட்டைப் பொறுப்பாக்குவது, பொறுப்பானவர்களைத் தப்பவிடுவது. மற்றபடி சரிவில் மண்ணைப் பிடிப்பது வேர். கிளையைக் கழித்தால் வேர் உயிரோடு இருக்கும், மரம் மறுபடி துளிர்க்கும். வேரோடு பெயர்த்தால் அது செத்து, கொஞ்சக் காலத்தில் மண் பிடிமானத்தை இழக்கும். ஆகவே சரிவில் எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துச் சொல்லும் விதிதான் தேவை. எல்லாவற்றையும் தடுத்தால் விறகு இருட்டில் வெட்டப்படும். இருட்டில் வெட்டுகிறவர் கிளை எது, அடிமரம் எது என்று பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்.

நிர்வாகத்தின் வாதம் வேறு. மரம் தோட்டத்தின் சொத்து, தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கே விறகு போதவில்லை, லயத்துக்கு எங்கே கொடுப்பது? உண்மைதான், அந்த அடுப்பின் பசி பெரியது. ஆனால் தொழிற்சாலை தன் விறகுக்குத் திட்டம் போடுகிறது. எந்தச் சரிவில் டர்பன்டைன் நடுவது, எந்த ஆண்டு வெட்டுவது என்று அதற்குப் பதிவேடு இருக்கும். 1975இல் அரசு தோட்டங்களை எடுத்தபோதும், 1992இல் பிராந்தியக் கம்பெனிகளிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தபோதும் நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாம் கைமாறின. அந்தப் பட்டியலில் லயத்து அடுப்பு ஒரு வரியாக வரவில்லை. அது வரவேண்டும் என்பதே என் வாதம். ஒவ்வொரு பிரிவிலும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப விறகு மரம் நட ஒரு துண்டு நிலம், கவ்வாத்து மிலாறில் மண்ணுக்கு இவ்வளவு வீட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு பங்கு. விறகு எடுக்கத் தோட்டக் காவல் வாச்சரின் கருணைக்காகக் காத்திருக்க வேண்டியதாக இருந்தால் அதற்குப் பெயர் உரிமை இல்லை.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். 2005இல் அரசு நான்காவது தோட்டப் பயிராக அறிவித்த சீமைக்கிளுவை, கொஸ்லந்த உயரத்தில் குச்சியை ஊன்றினாலே வேர் பிடிக்கும். இலை ஆட்டுக்கும் உரத்துக்கும், கிளை அடுப்புக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். இந்திய உதவியுடன் மலையகத்தில் முதற்கட்டமாகக் கட்டப்பட்ட 4,000 வீடுகள் 7 பேர்ச் காணியில் அமைந்தவை. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. காணி சதுரமாக இருந்தால் சுற்றுவேலி 175 அடி. மூன்றடிக்கு ஒன்றாக நட்டாலும், வாசலுக்கு இடம் விட்டு ஐம்பது மரத்துக்கு மேல் நிற்கும். அது ஒரு குடும்பத்தின் ஆண்டு விறகு முழுவதையும் தராது, ஆனால் வாரத்துக்கு மூன்று நடையை ஒன்றாகக் குறைக்கலாம். லயத்தில் இருப்பவருக்கு வேலி போட இந்த 7 பேர்ச்சும் இல்லை. அவர் ஊன்ற விரும்பும் ஒவ்வொரு குச்சிக்கும் துரையிடம் கேட்டாக வேண்டும், ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அந்தப் பதில் வந்தாகவும் வேண்டும்.