"ஒரு குவார்ட்டர்தானே!" - கணக்குப் போட்டால் போதை தெளியும்!

"என்னண்ணே, ராத்திரி கொஞ்சம் ஓவரோ?"

"சேச்சே! ஒரே ஒரு குவார்ட்டர்தான்!"

காலை நேரத்து டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. குவார்ட்டர் என்றால் ஏதோ தொண்டையை நனைக்கிற சமாசாரம் என்று நினைப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

60 கிராம்!

குவார்ட்டர் பாட்டிலில் இருப்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது 77 மில்லி. எடை போட்டால் சுமார் 60 கிராம்! ஒரே தடவையில் இவ்வளவு உள்ளே போனாலே அது மிதமிஞ்சிய குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 'ஆஃப்' அடிப்பவர்? அதைப்போல் இரண்டு மடங்கு!

விடிந்தும் இறங்காது

கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். மோர் குடித்தாலும், தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் வேகம் கூடாது. ராத்திரி 10 மணிக்குக் குவார்ட்டரைக் காலி செய்தவருக்குக் காலை 4 மணிக்கும் சரக்கு ரத்தத்தில் ஓடும். ஆஃப் அடித்துவிட்டு விடிந்ததும் வண்டியை எடுப்பவர் கதி என்ன? அவருக்கு எதிரே வருபவர் கதி என்ன?

கேட்காத கேள்வி

தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நாலில் ஒருவர் குடிக்கிறார் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொன்னது. "குடிப்பீர்களா? எத்தனை நாளைக்கு ஒருமுறை?" என்று கேட்டார்கள். "ஒரே தடவையில் எவ்வளவு?" என்ற கேள்விதான் இல்லை!

2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். எத்தனை பாட்டில் விற்றது என்ற கணக்கு உண்டு. எத்தனை பாட்டில் ஒரே வயிற்றுக்குள் போனது? அந்த ஆராய்ச்சிதான் இப்போது வேண்டும்.

சத்தியம் போதாது

ஏன் என்கிறீர்களா? தினமும் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிருக்கே ஆபத்து! "இனி தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்கும் தாய்மார்களே, முதலில் அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இப்படிப்பட்டவர்கள் எந்த ஊரில், எந்த வேலையில், எத்தனை பேர்? அது தெரிந்தால்தானே ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை போடுவது என்று தெரியும்?

பாட்டிலை எண்ணியது போதும். குடிப்பவரையும் கொஞ்சம் எண்ணுங்கள், ஐயா!