த்ராட்டில் பாடி: நான்கு போல்ட்டுகளுக்கு முன்னும் பின்னும்

காற்று வடிகட்டிக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிர்ந்தளிக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் இடையே அமைந்து, எஞ்சினுக்குள் புகும் காற்றின் அளவை வட்டத் தகடு ஒன்றால் கட்டுப்படுத்தும் உறுப்பே த்ராட்டில் பாடி. முன்பு ஆக்ஸிலரேட்டர் மிதியோடு கேபிளால் பிணைக்கப்பட்டிருந்த இத்தகட்டை, இன்றைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் கணினியின் ஆணைப்படி சிறு மோட்டார் ஒன்று திருப்புகிறது.

குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில், தென்காசியிலிருந்து மேலகரம் வழியாக அருவிகளை நோக்கி ஊர்ந்து செல்லும் வண்டிகளில் இத்தகடு ஏறக்குறைய மூடிய நிலையிலேயே நெடுநேரம் இருக்கிறது. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி தகட்டின் விளிம்பில் கரிப்பிசினாகப் படிந்து, ஐடிலிங்குக்கு உரிய மெல்லிய இடைவெளியை அடைக்கும்போது, நிற்கும் வண்டி நடுங்கவும் அணையவும் தொடங்குகிறது. இதற்காகப் புதிய பாகம் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவே. மோட்டாரோ உள்ளிருக்கும் சென்சாரோ பழுதென ஸ்கேனர் காட்டி, வயரிங்கிலும் கோளாறில்லை எனத் தெளிந்த பின்னரே மாற்றத்தைப் பற்றி எண்ண வேண்டும்.

கழற்றும் வேலை சிறிது. அதற்கு முன் செய்ய வேண்டியவையே உயிர்நாடி. இக்னிஷன் இயங்கும் நிலையில் தகட்டினுள் விரலை நுழைத்தால் மோட்டார் அதனைச் சட்டென மூடி விரலை நசுக்கிவிடக்கூடும் என்பதால், சாவியை வண்டியிலிருந்து அகற்றி, சில நிமிடங்கள் பொறுத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் முற்றிலும் ஆறியிருப்பதும் இன்றியமையாதது. பல கார்களில் த்ராட்டில் பாடி வழியே கூலண்ட் ஓடுவதால், சூடாக இருக்கையில் ஹோஸைப் பிடுங்கினால் அழுத்தத்துடன் பீறிட்டு மேலெல்லாம் வெந்துவிடும். பனி உறையும் நாடுகளில் தகடு இறுகாமலிருக்கச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டுக்குக் குற்றாலச் சாரலில் எந்த வேலையும் இல்லை என்றாலும், ஹோஸ் என்னவோ இங்கும் வந்துசேர்ந்திருக்கிறது.

காற்றுக்குழாயின் கிளாம்ப்பைத் தளர்த்தி, கனெக்டரின் பூட்டை அழுத்தி விடுவித்து, பொதுவாக நான்காக இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றியவுடன், திறந்த மேனிஃபோல்டின் வாயை நூல் பிரியாத துணியால் மூட வேண்டும். உள்ளே விழும் ஒரு வாஷர் வால்வையும் பிஸ்டனையும் சிதைத்துவிடும். பழைய பாகத்தையே சுத்தம் செய்து மாட்டுவதாயின், கிளீனர் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடைப்பதே முறை. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும் ஆகையால், சாரல் வந்துவிட்டதென்று மூடிய ஷெட்டுக்குள் வேலையைத் தொடர்வது பெரும் ஆபத்து.

மாட்டும்போது துணியை எடுத்துவிட்டு, புதிய கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிர் மூலைகளாக, அந்தந்த காரின் சர்வீஸ் கையேடு கூறும் முறுக்கு அளவுக்கு மட்டுமே இறுக்க வேண்டும். மிகுந்த விசைக்கு அலுமினியப் புரி தாங்காது. குறைந்த கூலண்டை நிரப்பி, அதில் புகுந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும். கரி படிந்த தகட்டுக்கேற்பத் தன் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்த கணினி, தூய தகடு வந்ததும் காற்றை மிகையாக விட்டு ஐடிலிங்கை ஏற்றிவிடும். ஆகவே தகட்டின் நிலையை அதற்குப் புதிதாகக் கற்பிக்கும் 'ரீலேர்ன்' செய்ய வேண்டும். சில கார்களில் இக்னிஷனை மட்டும் போட்டுக் காத்திருந்தால் இது முடியும். வேறு சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும்.

கணினி தகட்டின் நிலையை நம்பாதபோது மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திவிட, சுருள்வில் தகட்டைச் சிறிதளவே திறந்துவைத்து வண்டியை ஊர விடுகிறது. ஆதலால் முதல் ஓட்டத்தைச் சமதளச் சாலையில் முடித்து, எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என உறுதியான பின்னரே, செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு மலைப்பாதையில் வண்டியை ஏற்றுவது தகும்.