போர்க்கால வண்டிகளின் பிறப்பிடம்

1942 பிப்ரவரியில் பொங்கோல் கடற்கரையில் சீனக் குடிமக்களை ஜப்பானியப் படையினர் சுட்டுக் கொன்றனர். மாண்டோர் முந்நூறு முதல் நானூறு பேர் என்பது அங்குள்ள நினைவுப் பலகை கூறும் கணக்கு. 'சூக் சிங்' என்ற அக்களையெடுப்பில் சிக்கியவர்கள் ஒதுக்குப்புறக் கடற்கரைகளுக்கு லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். ஆகவே அக்காலத்து வண்டி ஒன்று மாணவர் முன் காட்சிக்கு நிற்கும்போது, 'இது அந்நாளைக் கண்டதா?' என வினவுவது வீண் ஆராய்ச்சி அன்று.

பெரும்பாலோர் ஏமாறுவது ஜீப்பில்தான். வில்லிஸ் நிறுவனம் தன் 'எம்.பி.' வகையைக் கட்டத் தொடங்கியது 1941 நவம்பரில். ஃபோர்டு நிறுவனம் அதே அமைப்பில் 'ஜி.பி.டபிள்யூ.' வகையைத் தொடங்கியது 1942இன் தொடக்கத்தில். சிங்கப்பூரோ பிப்ரவரி 15இல் வீழ்ந்துவிட்டது. இந்நகரத் தெருக்களில் ஜீப்புகள் பெருகியது, 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை மீண்டு வந்த பின்னரே. வீழ்ச்சிப் போரில் ஓடிய வண்டி என்று ஜீப்பின்மீது பலகை மாட்டுவது பொருந்தாது.

இவ்விருவகை ஜீப்புகளும் இரட்டைப் பிள்ளைகள். குனிந்து பார்த்தால் வேற்றுமை புலனாகும். முன்புறக் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய். ஃபோர்டிலோ கவிழ்த்த 'ப' வடிவத் தகடு. ஃபோர்டு போல்ட்டின் தலையில்கூடத் தன் 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. ஆனால் பட்டறைக்காரர் ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பூட்டியிருப்பர். போல்ட்டின் சாட்சியம் அவ்வளவுதான். வில்லிஸின் எண், சட்டத்தின் உட்புறம் அறைந்த சிறு தகட்டில் உள்ளது. தகட்டைப் பெயர்த்து வேறு தகடு அறையலாம். ஃபோர்டின் எண் சட்டத்தின் இரும்பிலேயே குத்தப்பட்டது. எனவே அதற்கே மதிப்பு மிகுதி.

லாரிகளின் வரலாறு இன்னும் சிக்கலானது. வென்ற படை தன் லாரிகளோடு, கைப்பற்றிய பிரிட்டிஷ் லாரிகளையும் ஓட்டியது. பிரிட்டிஷ் படை லாரிக்கு 'எல்', சிறு டிரக்குக்கு 'இசட்', காருக்கு 'எம்' என எழுத்திட்டு எண் தீட்டியது. மேற்பூச்சை மெல்லச் சுரண்டினால் அவ்வெண் அடியில் வெளிப்படுவதுண்டு.

அவற்றுள் பல கனடாவில் பிறந்தவை. ஃபோர்டு லாரி வின்ட்சரிலும் செவ்ரோலெட் லாரி ஒஷாவாவிலும் உருவாயின. பிரிட்டன் நீங்கலாகப் பேரரசு நாடுகளின் ஃபோர்டு வாணிகம் கனடாக் கம்பெனியின் கையில் இருந்தது. சிங்கப்பூர்க் கிளையும் அதன் கீழ்ப்பட்டதே. அக்கிளையின் புக்கிட் தீமா தொழிற்சாலை 1941 அக்டோபரில் எழுந்தது. நான்கு மாதத்தில் பெர்சிவல் யமாஷிட்டாவிடம் சரணடைந்ததும் அங்கேதான். பின்னர் நிசான் அக்கட்டடத்திலேயே ஜப்பானியப் படைக்கு வண்டிகள் கட்டியது. சட்டம் வார்த்த ஊர் வேறு, வண்டி கூட்டிய ஊர் வேறு, ஓட்டிய கை வேறு என மூன்றையும் பிரித்தே பதிய வேண்டும்.

கனடா லாரியின் காலத்தை ஓட்டுநர் அறையே ஓரளவு காட்டிவிடும். 11ஆம், 12ஆம் எண் அறைகள் முந்தியவை. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்த 13ஆம் எண் அறை, 1941இன் பிற்பகுதியில்தான் வந்தது. வானிலிருந்து நோக்கும் விமானிக்குக் கண்ணாடி மின்னாதிருக்க அச்சாய்வு. பொங்கோல் சாலையில் சென்ற லாரிகளின் இனத்தைத் தேடுவோர், அதை விடுத்து முந்திய அறைகளைப் பார்ப்பதே முறை.