நிழற்படக் கலையும் ஓராண்டுச் சந்தாவும்

நிழற்படக் கலையைக் கற்க விரும்பும் ஒருவர் முதலிற் கேட்கும் கேள்வி, எந்தக் கமராவை வாங்கலாம் என்பதாகும். எதனைப் படிக்கலாம் என்று கேட்பவர் மிகச் சிலரே. கமராவோ இன்று தொலைபேசியினுள்ளேயே குடிபுகுந்துவிட்டது. கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு மீன் வாங்கப் போகும் தாயாரின் கைப்பையிலும் அது உண்டு; வெள்ளவத்தைக் கடற்கரையில் உலாவ வரும் ஓய்வூதியக்காரரின் சட்டைப்பையிலும் அது உண்டு. கருவி எல்லோர் கைக்கும் வந்துவிட்டபின், ஒருவருடைய படத்துக்கும் மற்றவருடைய படத்துக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் கருவியில் இல்லை. காணும் கண்ணில் இருக்கின்றது. அந்தக் கண்ணைப் பயிற்றும் ஆசிரியராக வீடு தேடி வரக்கூடியது நல்ல சஞ்சிகை. ஆயினும், மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பமோ, சிறு நிதியைக்கொண்டு இயங்கும் ஒரு பாடசாலைக் கழகமோ ஆண்டுக்கு ஒரு சஞ்சிகைக்கு மேல் சந்தா கட்டுதல் அரிது. அந்த ஒன்றை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

இது பொழுதுபோக்கைப் பற்றிய சிறு விடயந்தானே எனச் சிலர் எண்ணலாம். நம்மவர்க்கு இது அத்துணைச் சிறிதன்று. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, மேசை நாற்காலிகளோடு குடும்ப அல்பங்களும் எரிந்தன. மேசை நாற்காலிகளைப் பின்னர் வாங்கக்கூடியதாக இருந்தது. இறந்துபோன தந்தையாரின் முகத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியவில்லை. பின்வந்த போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. இன்று பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ, பெற்றார் இங்கு ஒரு மாடிவீட்டில் வாழுகின்ற நிலையில், உறவைப் பிணைத்து நிற்பவற்றுள் படமும் ஒன்று. ஆகவே, நன்றாகப் படம் எடுக்கக் கற்பது நினைவைக் காக்கக் கற்பதாகும். எத்தகைய சஞ்சிகையைப் படிக்கின்றோமோ, அத்தகைய படங்களையே நாமும் எடுக்க முயல்வோம். தெரிவில் நாம் கருத்துச் செலுத்துவதற்குக் காரணம் இதுவே.

நிழற்படச் சஞ்சிகைகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கருவிகளை ஆராயும் சஞ்சிகை. 1937 இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘பொப்பியுலர் போட்டோகிராபி’ கமராக்களையும் வில்லைகளையும் பரிசோதித்து முடிவு கூறுவதிற் பேர் பெற்றது. இரண்டாவது, செய்முறையைக் கற்பிக்கும் சஞ்சிகை. இங்கிலாந்தில் 1884 இல் தோன்றிய ‘அமெச்சூர் போட்டோகிராபர்’ அதன் பெயரே கூறுவதுபோல, தொழிலாக அன்றி விருப்பத்தாற் படமெடுப்போர்க்கு நெடுங்காலம் வழிகாட்டி வந்துள்ளது. மூன்றாவது, படத்தைக் கலையாகக் கருதி ஆழ்ந்து நோக்கும் சஞ்சிகை. அன்செல் அடம்ஸ், டொரதியா லாங், மைனர் வைற் முதலானோர் சேர்ந்து 1952 இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘அப்பர்ச்சர்’ என்னும் காலாண்டிதழ் இவ்வகையைச் சேர்ந்தது. நான்காவது, நிழற்படச் சங்கங்கள் தம் அங்கத்தவர்க்காக வெளியிடும் ஏடு. இலண்டனில் 1853 இல் அமைந்த றோயல் நிழற்படச் சங்கம் அவ்வாண்டிலிருந்தே தனது சஞ்சிகையை வெளியிட்டு வருகின்றது. இவை நான்குக்கும் அப்பால், 1936 இல் வாரப் பதிப்பாகத் தொடங்கிய ‘லைவ்’ போன்ற பொதுச் சஞ்சிகைகளும் உண்டு. அவை நிழற்படத்தைப் பற்றி எழுதவில்லை, நிழற்படத்தாலேயே எழுதின.

இந்நான்கினுள் எது சிறந்தது என வினவுதல் பொருந்தாது. எவருக்கு எது சிறந்தது என வினவுதலே பொருந்தும். கமரா வாங்கப் போகின்றவருக்கு முதல் வகை பயன்படும். ஆனால் வாங்கி முடிந்த மறுமாதமே அதன் பயன் தேயத் தொடங்கும். அவ்வகைச் சஞ்சிகையைத் தொடர்ந்து படிப்பவர், கையிலுள்ள நல்ல கருவியிற் குறை காணவும், வெளிவராத கருவிக்கு ஏங்கவும் பழகிவிடுவர். ஆதலால் அதற்கு ஓராண்டுச் சந்தா தேவையில்லை. வேண்டிய இதழ் ஒன்றிரண்டை வாசிகசாலையிற் பார்த்தாலே போதும். படமெடுக்கத் தொடங்கும் மாணாக்கருக்கு இரண்டாம் வகை ஏற்றது. செய்முறை ஓரளவு கைவந்து, ‘இனி எதனைப் படமெடுப்பது, ஏன் எடுப்பது’ என்ற வினா மனத்தில் எழும்போது மூன்றாம் வகை துணையாகும்.

வகையைத் தீர்மானித்த பின், குறித்த ஒரு சஞ்சிகையைச் சோதிக்கும் முறையைப் பார்ப்போம். சந்தா கட்டுமுன் அதன் மூன்று இதழ்களையாவது பெறுதல் வேண்டும். அவை அடுத்தடுத்த மூன்று இதழ்களாக இல்லாமல், இடைவெளி விட்டு வந்தவையாக இருத்தல் நன்று. முதலில் விளம்பரப் பக்கங்களை எண்ணுங்கள். பின்னர், ஆசிரியர் குழுவின் கட்டுரைகளும் அவ்விளம்பரங்களின் எதிரொலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கருவியிலாவது குறை கூறாத சஞ்சிகை, படிப்பவர் பக்கம் நிற்பது ஐயத்துக்குரியது. அடுத்ததாக, படத்தின் கீழுள்ள குறிப்பைப் படியுங்கள். ‘ஐம்பது மில்லிமீற்றர் வில்லை, செக்கனில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்’ என்று மாத்திரம் சொல்வது அரைக் குறிப்பு. ஒளி எத்திசையிலிருந்து வந்தது, எடுத்தவர் எங்கே நின்றார், எதற்காகக் காத்திருந்தார் என்பவற்றையும் சொல்வதே முழுக் குறிப்பு. மூன்றாவதாக, மூன்றாண்டுக்கு முந்திய இதழ் ஒன்றைத் திறந்து, இன்றும் பயன்படும் பக்கங்கள் எத்தனை எனக் காணுங்கள். பாதியாவது தேறுமாயின் அச்சஞ்சிகைக்குப் பணம் கொடுக்கலாம்.

நான்காவது சோதனை நம் நாட்டவர்க்கே சிறப்பாக உரியது. வெளிநாட்டுச் சஞ்சிகை எந்த ஒளியை மனத்திற் கொண்டு எழுதப்படுகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பனிக்காலத்தில் மின்கலம் சோர்ந்துபோகாமற் காப்பது எவ்வாறு என்று அது நான்கு பக்கம் எழுதும். நமக்கோ பனியால் இடரில்லை, ஈரலிப்பே இடர். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் அலுமாரிக்குள் மூடிவைத்த கமராவின் வில்லையிற் பூஞ்சணம் படரும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைக்க வேண்டும் என்ற ஒரு வரி, நமக்கு அந்த நான்கு பக்கங்களினும் பயனுடையது. மேலும், கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஏப்ரல் மாதத்தின் முதற் பகுதியிலும் செப்டெம்பர் மாதத்தின் முதற் பகுதியிலும் நண்பகற் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அவ்வேளையில் எடுக்கும் முகங்களிற் கண்குழிகள் இருண்டுபோகும். வடநாட்டு நூல்கள் மதியத்திலும் சாய்ந்து விழும் வெயிலைக் கொண்டு எழுதப்பட்டவையாதலால், அவற்றின் விதியை இங்கு அப்படியே கைக்கொள்ளலாகாது. காலை எட்டரை மணிக்கு முன்னரும் மாலை நான்கரை மணிக்குப் பின்னரும் நமக்கு நல்ல ஒளி கிடைக்கும். நண்பகலாயின் விறாந்தை நிழலை நாட வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். கமராவின் ஒளிமானி தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும் இயல்புடையது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையும் நிறைந்த கூட்டத்தை அது மங்கலாக்கும்; இருண்ட பின்னணியில் நிற்பவரை அளவுக்கு மீறி வெளிறச் செய்யும். இதனோடு, வர்ணப் படச்சுருளை உருவாக்கியோர் நெடுங்காலம் வெள்ளையரின் தோலையே அளவுகோலாகக் கொண்டிருந்தனர். கொடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறம் ஒப்பிடும் அட்டைகளில் வெள்ளைப் பெண்ணொருத்தியின் படமே இருந்தது. ‘ஷேர்லி அட்டை’ என்றே அவற்றுக்குப் பெயர். இன்றைய கருவிகள் திருந்தியுள்ளன. எனினும், கருநிற முகத்தை அதன் அழகு கெடாமற் படமெடுக்கும் முறையைச் சொல்லாத சஞ்சிகை நமக்கு அரைச் சஞ்சிகையே. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் எடுத்த படங்கள் அதில் இடம்பெறுகின்றனவா, அவற்றை எடுத்தவர்களும் அந்நாட்டவர்தாமா என்று பாருங்கள்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். மூன்றாண்டுச் சந்தாவை ஒருங்கே கட்டினாற் பெருங்கழிவு தருவதாகச் சில வெளியீட்டாளர் கூறுவர். அதற்கு இணங்குமுன் அண்மைக் கால வரலாற்றை நினைவுகூர்தல் நன்று. ‘பொப்பியுலர் போட்டோகிராபி’ எண்பது ஆண்டு வாழ்ந்து 2017 இல் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. யப்பானில் 1926 இல் தொடங்கிய ‘அசாஹி கமரா’ 2020 இல் நின்றது; 1950 இல் தொடங்கிய ‘நிப்பொன் கமரா’ 2021 இல் நின்றது. விளம்பரமும் வாசகரும் இணையத்தை நாடிச் சென்றமையே இவற்றின் தளர்ச்சிக்குப் பெருங்காரணம். இவ்வாறு முதுமரங்களே சாயும் காலத்தில், ஓராண்டுக்கு மேற்பட்ட சந்தா விவேகமன்று. நம் நாட்டு நிலையும் மறக்கற்பாலதன்று. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் தாள் கிடைக்காமல், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. வினாத்தாளுக்கே தாளில்லாத காலம் வரக்கூடிய நாட்டிற் சந்தா கட்டுபவர், தபாற் செலவையும் தாமதத்தையும் நாணய மாற்றையும் கணக்கிற் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மின்வடிவச் சந்தா மலிவானது. உடனே கைக்கு வருவது. ஆனால் சந்தா முடிந்ததும் பழைய இதழ்களும் நம்மிடம் எஞ்சுமா என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். அச்சிதழ் விலை மிகுந்ததாயினும், அண்ணன் படித்ததைத் தம்பியும், தம்பி படித்ததை அயல்வீட்டுப் பிள்ளையும் படிக்கலாம். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சந்தாவைப் பகிர்ந்துகொள்வது மிகச் சிக்கனமான வழி. பழைய இதழ்களைப் பணமின்றியே படிக்கவும் இடமுண்டு. ‘லைவ்’ சஞ்சிகையின் பழைய இதழ்களும், ‘பொப்பியுலர் போட்டோகிராபி’யின் பல இதழ்களும் இணையத்தில் கூகிள் நூற்பகுதியில் உள்ளன. றோயல் நிழற்படச் சங்கத்தின் பழைய இதழ்களையும் அவ்வாறே இணையத்திற் காணலாம். கொழும்புப் பொது நூலகத்துக்கும், வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் சென்று கேட்டுப் பார்த்தபின் பணப்பையைத் திறப்பதே முறை.

சந்தாதாரர் தொகை மிகுந்திருப்பதே சிறப்புக்குச் சான்றென்று கொள்ளவும் வேண்டா. அல்பிரட் ஸ்ரீக்லிட்ஸ் என்பார் 1903 முதல் 1917 வரை நியூயோர்க்கில் நடத்திய ‘கமரா வேர்க்’ நிழற்படக் கலை வரலாற்றிலே தலைசிறந்த சஞ்சிகைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. அது நின்றபோது எஞ்சியிருந்த சந்தாதாரர் முப்பத்தெழுவரே!

நமது நகரத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. லயனல் வென்ற் 1900 இல் கொழும்பிற் பிறந்தவர், சட்டம் கற்றவர், பியானோ வாசிப்பதில் வல்லவர். நாற்பத்துநான்கு வயது நிறைந்த சில நாட்களில், 1944 இல் மறைந்தார். அவர் எடுத்த படங்களின் தொகுதி 1950 இல் நூலாக வெளிவந்தது. ஒளியையும் இருளையும் மாற்றிக் காட்டும் புதிய மேனாட்டு முறைகளை அவர் அறிந்திருந்தார். ஆனால் அம்முறைகளைக் கொண்டு அவர் பார்த்தது இந்நாட்டு உழவரையும், மீனவரையும், தென்னையையும், கோயிலையுமே. வெளிநாட்டிலிருந்து முறையைக் கற்று, உள்நாட்டிற் பொருளைக் காணுதல் என்பது இதுவே. சஞ்சிகை படிப்பவர் இதனை மனத்திற் கொள்ளல் தகும்.

இறுதியாக, வந்த சஞ்சிகையைப் படிக்கும் முறை. இதழைத் திறந்ததும் எழுத்தைப் படியாது படங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். மனத்தை நிறுத்திய ஒரு படத்தைத் தெரிந்து, ஒளி எங்கிருந்து வருகின்றது என நீங்களே ஊகித்துப் பின்னர் குறிப்பைப் படியுங்கள். ஓர் இதழுக்கு ஒரு பயிற்சி போதும். பக்கவொளியைப் பற்றிப் படித்தீர்களாயின், அடுத்த ஞாயிறு காலையில் கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தின் தூண்களிற் படியும் வெயிலைப் படமெடுங்கள். எதிரொளியைப் பற்றிப் படித்தீர்களாயின், மாலையில் வெள்ளவத்தைக் கடலோரத்தில் மேற்கு நோக்கி நின்று, தண்டவாளத்துக்கு அப்பால் நடப்பவர்களின் நிழலுருவைப் படமெடுங்கள். பாடசாலைக் கழகமாயின், கற்றதைத் தமிழில் எழுதிக் கையெழுத்துச் சஞ்சிகையாக்குதல் வேண்டும். பன்னிரண்டு இதழ்களைப் படித்துப் பன்னிரண்டு பயிற்சிகளைச் செய்த மாணாக்கருக்குச் சந்தாப் பணம் பன்மடங்காகத் திரும்பி வந்துவிடும்.

அத்தோடு, வீட்டிலுள்ள முதியோரை இவ்வாண்டே நல்ல ஒளியில் அமர்த்திப் படமெடுங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு, அதன் பின்புறத்திற் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஒரு பிரதியை வேறொரு வீட்டில், இயலுமாயின் வேறொரு நாட்டில், வைத்திருங்கள். எந்தச் சஞ்சிகையைத் தெரிந்தெடுத்தாலும், இதற்கு வேண்டிய கண்ணையும் கையையும் அது தந்ததாயின், நீங்கள் கட்டிய சந்தா வீண்போகவில்லை எனத் துணியலாம்.