வெளிநாடு செல்லும் நாய்க்கு என்னென்ன சான்று?

தோட்டக் காவலுக்கும் பட்டிக் காவலுக்கும் வளர்க்கப்படும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தங்களுடன் கொண்டுபோக விரும்புவது உண்டு. பெரும்பாலோர் விமானச் சீட்டு வாங்கிய பிறகே சான்றிதழ் பற்றி விசாரிக்கின்றனர். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஊசி போட்டிருந்தும் நாய் ஊரிலேயே நின்றுவிட நேருகிறது.

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விதியில் வரிசைதான் முக்கியம்.

முதலாவது மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள இதை ஊசி மூலம் கழுத்துத் தோலுக்கு அடியில் செலுத்துவார்கள். இதில் 15 இலக்க எண் இருக்கும். வெறிநோய்த் தடுப்பூசியை அதே நாளிலோ, அதற்குப் பின்னரோ போட வேண்டும். முன்னதாகப் போட்ட ஊசி, மருந்தகச் சீட்டில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தாலும், கணக்கில் சேராது. எந்த நாய்க்குப் போட்டது என்பதற்கு அப்போது அடையாளம் இல்லையல்லவா? மீண்டும் போட வேண்டியதுதான். குட்டியானால் 12 வாரம் நிறைந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டு 30 நாள் சென்றபின் கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகுக்குக் குறையக் கூடாது. பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இது இரத்தம் எடுத்த நாளிலிருந்து கணக்கு. முடிவு வந்த நாளிலிருந்து அல்ல. ஊசிக்கு முன்பே வெறிநாய் கடித்திருந்தால் நோய் பல வாரம் உடலில் மறைந்து கிடக்கும். அது வெளிப்படவே இந்த அவகாசம்.

ஜனவரி 1ந் தேதி ஊசி போட்டு, பிப்ரவரி 1ந் தேதி இரத்தம் எடுத்தால், மே மாதம்தான் பயணம். ஆகவே ஏழு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இங்கிருந்து கொண்டுபோக வழியில்லை.

துபாயில் இருக்கும் உறவினர், "21 நாள் போதும்" என்று சொல்லக்கூடும். அவர் சொல்வது அங்கிருந்து புறப்படும் நாய்க்குப் பொருந்தும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

உள்ளூர் மருத்துவரின் உடல்நலச் சான்று மட்டும் போதாது. சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையத்தில் நாயைக் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற வேண்டும். ஐரோப்பியச் சான்று கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அங்கு போய்ச் சேர வேண்டுமாதலால், இதை முன்கூட்டியே வாங்கி வைப்பதில் பயனில்லை. உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு 5 நாள் முன்போ பின்போதான் நாய் செல்லலாம். விற்பதற்கோ, வேறொருவருக்குக் கொடுப்பதற்கோ அனுப்பினால் அது வணிகமாகக் கருதப்படும்; அதற்கு விதிகள் வேறு.

பிரிட்டனுக்கும் இரத்தப் பரிசோதனையும் மூன்று மாதமும் உண்டு. கூடுதலாக, போய்ச் சேர்வதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராக நாயைக் கொண்டுபோக இயலாது.

சிப் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் நாயைத் திருப்பி அனுப்பலாம், அல்லது உரிமையாளர் செலவில் தனியே அடைத்து வைக்கலாம். வேறு வழியில்லாதபோது கொன்றுவிடவும் அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. தடுப்பூசிச் சீட்டு, ஆய்வுக்கூட அறிக்கை, சான்று மூன்றிலும் உள்ள எண்ணை, புறப்படுமுன் மருத்துவரிடம் சிப் படிக்கும் கருவியால் ஒத்துப்பார்த்துக்கொள்ள வேண்டும். அசல் தாள்கள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு ஏற்றிவிடக் கூடாது.