பாலே நடனமும் பசியும்

பாலேயில் ஆடுபவரின் உடலே கருவி. பார்வையாளர்கள் உற்று நோக்குவதும் அதையே. கைகால்களின் நீட்சி, கழுத்தின் நிமிர்வு, தாவும்போது தெரியும் இலேசான தன்மை எல்லாம் ஆட்டத்தின் தரத்தோடு சேர்த்தே மதிப்பிடப்படுகின்றன. அதனால் இந்த நடனம் பயிலும் பிள்ளைகள், குறிப்பாகப் பதின்ம வயதுப் பெண்கள், தங்கள் உடலைப் பற்றி மனத்தில் வைத்திருக்கும் உருவமும் உணவைப் பற்றிய மனப்போக்கும் எளிதில் சிதைந்துபோகின்றன. இது தனிப்பட்ட ஒரு பெண்ணின் அழகு ஆசையால் வருவதன்று. பயிற்சிக்கூடத்தின் பழக்கங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

மெலிந்த உடல்தான் பாலேவுக்கு ஏற்றது என்ற எண்ணம் இந்தக் கலையோடு பிறந்ததும் அன்று. 1832இல் பாரிஸில் மரீ தாலியோனி கால் நுனியில் நின்று வனதேவதையாக ஆடியபோது, காற்றில் மிதப்பது போன்ற தோற்றம் இலட்சியமாயிற்று. ஆனாலும், 1895இல் ரஷ்யாவில் 'அன்னப் பொய்கை'யின் நாயகியாக ஆடிய பியரினா லெக்னானியின் புகைப்படங்களில் தெரிவது உறுதியான, சதைப்பற்றுள்ள உடல். இன்று நாம் காணும் ஒல்லியான வடிவம் 20ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. நியூயார்க் சிட்டி பாலேவை நிறுவியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பாலன்சினின் ரசனை அதற்கு ஒரு முக்கியக் காரணம். நீண்ட கால்களும் எலும்பு தெரியும் உடலும் அவருக்குப் பிடித்தமானவை. அவரிடம் ஆடிய கெல்சி கர்க்லண்ட், பட்டினியும் வாந்தியுமாகக் கழிந்த தம் இளமையை 1986இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியபோதுதான், திரைக்குப் பின்னால் நடப்பதை வெளியுலகம் பரவலாக அறிந்தது.

பாலே பயிற்சி பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உடலோடு ஒட்டிய லியோடார்ட் உடையில், சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த கூடத்தில், பிள்ளைகள் நாள்தோறும் மணிக்கணக்கில் தங்களையும் பக்கத்தில் நிற்பவர்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் கால் நுனியில் நிற்கும் பயிற்சி வருகிறது. ஏறக்குறைய அதே பருவத்தில் பெண்ணின் உடல் பூப்பை நோக்கி மாறுகிறது. இடுப்பு அகல்வதும் மார்பு வளர்வதும் இயல்பான வளர்ச்சிதான். ஆனால் இந்தக் கூடத்தில் அது குறையாகத் தோன்றிவிடுகிறது. யாருக்கு எந்த வேடம், அடுத்த ஆண்டு பள்ளியில் யாருக்கு இடம் என்பதை முடிவு செய்யும் ஆசிரியர் எடையைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும் அது ஆழமாகத் தைக்கிறது. குறையே இல்லாமல் ஆட வேண்டும் என்ற பிடிவாதமும் வலியைப் பொறுக்கும் பழக்கமும் நல்ல மாணவியின் இலக்கணமாகப் போற்றப்படுகின்றன. உணவைக் குறைக்கும்போது அதே குணங்கள் அவளுக்கே எதிராகத் திரும்புகின்றன.

இதில் உடலியல் சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. பாலே வகுப்பில் சில நிமிட ஆட்டமும் சில நிமிட ஓய்வும் மாறி மாறி வருகின்றன. அதனால் நெடுந்தூர ஓட்டத்தைப் போல அது அதிக ஆற்றலைச் செலவிடுவதில்லை. ஆடுவதால் மட்டுமே எதிர்பார்க்கும் ஒல்லியான வடிவம் வந்துவிடாது என்பதால், மாணவிகள் உணவில் கை வைக்கிறார்கள்.

உணவைப் பற்றிய இந்த மனப்போக்கை அளக்க, 1979இல் ஆய்வாளர்கள் டேவிட் கார்னரும் பால் கார்ஃபிங்கலும் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினர். 1982இல் அது 26 கேள்விகளாகச் சுருக்கப்பட்டது. அதில் 20 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அந்த மதிப்பெண் மட்டுமே நோயை உறுதி செய்துவிடாது. இதே இருவர் 183 நடன மாணவிகளை ஆராய்ந்து 1980இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களில் 12 பேருக்கு, அதாவது 6.5 சதவீதத்தினருக்கு, அனோரெக்சியா என்னும் பட்டினி நோய் இருந்தது. 2014இல் 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பாலே கலைஞர்களில் சுமார் 16 சதவீதத்தினர் ஏதாவதொரு உணவுக் கோளாற்றால் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. நடனமாடுவோருக்கு இந்த ஆபத்து மற்றவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு கிடைக்காதபோது, உடல் அவசரமில்லாத வேலைகளை நிறுத்திவைக்கிறது. பூப்பு தள்ளிப்போகிறது; வந்த மாதவிடாயும் நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதால், வாழ்நாளுக்கும் தேவையான எலும்பு வலிமை சேர வேண்டிய வயதில் எலும்பு மெலிகிறது. மிஷல் வாரனும் அவருடைய குழுவினரும் 75 பாலே பெண்களை ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட முடிவுகளில், 61 சதவீதத்தினருக்கு எலும்பு முறிவும் 24 சதவீதத்தினருக்கு முதுகெலும்பு வளைவும் காணப்பட்டன. பூப்பு தாமதமானவர்களிடம் இவை அதிகம். நோய் முற்றினால் இதயத் துடிப்பு தடுமாறும். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆண் மாணவர்களும் உணவுக் கோளாறுகளுக்கு விலக்கல்லர்.

உணவுக் கோளாறு உள்ளவர்கள் அதை மறைக்கவே முயல்வார்கள். ஆகவே, சேர்ந்து உண்பதைத் தவிர்ப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, எப்போதும் குளிர்வதாகச் சொல்வது, மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமலிருப்பது, காயங்கள் மெதுவாக ஆறுவது போன்றவற்றைப் பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டும். பதின்ம வயதினரின் அனோரெக்சியாவுக்கு, பெற்றோரே உணவூட்டும் பொறுப்பை ஏற்கும் குடும்ப வழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

மாற்றத்தைத் தொடங்க வேண்டிய முதல் இடம் பள்ளிகள்தான். 2019இல் வியன்னா அரசு ஓப்பராவின் பாலே பள்ளியில் மாணவர்கள் அவமதிக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. அங்கே பிள்ளைகளின் நலன் போதிய அளவு பேணப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. எல்லோர் முன்னிலையிலும் எடை பார்ப்பதைக் கைவிடுவது, தோற்றத்தை விட்டு அசைவைப் பற்றி மட்டும் திருத்தம் சொல்வது, சில வகுப்புகளில் கண்ணாடியைத் திரையிட்டு மூடுவது, ஊட்டச்சத்து நிபுணரையும் மனநல ஆலோசகரையும் பள்ளியிலேயே வைத்திருப்பது ஆகியவை எந்தப் பள்ளியாலும் செய்யக்கூடியவை. நன்றாக உண்ணும் உடல்தான் உயரத் தாவும், காயத்திலிருந்து விரைவில் மீளும், நெடுங்காலம் மேடையில் நிற்கும். கலையின் தரத்தில் உண்மையான அக்கறை கொண்ட பள்ளிக்கு மாணவியின் தட்டில் உள்ள சோறும் பயிற்சியின் ஒரு பகுதியே.