ஏட்டில் உள்ள பெயருக்கே பங்கு

கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் நிற்கும் உல்ஃபெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கினார்கள். ஒல்லாந்தர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அன்று கொழும்பை ஆண்டது ஒரு நாட்டு அரசன் அல்ல, ஒரு கம்பனி. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து இந்த நகரைப் பிடித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு முதலாளிகள் ஏராளமாக இருந்தார்கள். 1602 ஆகஸ்டில் அதன் ஆம்ஸ்டர்டாம் பிரிவுக்கு மட்டும் 1,143 பேர் பணம் போடுவதாக ஏட்டில் பதிந்தார்கள். ஏடு திர்க் வான் ஓஸ் என்ற வணிகரின் வீட்டில் திறந்திருந்தது. அவர் வீட்டுப் பணிப்பெண் நீல்ட்கென் கொர்னெலிஸும் கடைசி நேரத்தில் 100 கில்டருக்குத் தன் பெயரைப் பதியவைத்தார்.

அவர்கள் கையில் இருந்தது தவணை கட்டியதற்கான பற்றுச்சீட்டுத்தான். பங்கு இருந்தது ஏட்டில். விற்க நினைத்தால் விற்பவரும் வாங்குபவரும் கம்பனிக் கணக்கப்பிள்ளை முன் போய் நிற்கவேண்டும். இரண்டு பணிப்பாளர்கள் சம்மதிக்க, ஒரு பெயரின் கீழ் கழித்து இன்னொரு பெயரின் கீழ் கூட்டி எழுதுவார்கள். அவ்வளவுடன் சொத்து கைமாறிவிடும்.

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் அடிப்படையில் இதையே சொல்கிறது. அலுமாரியில் மடித்துவைத்த சான்றிதழைவிடப் பங்குப் பதிவேட்டில் உள்ள வரிக்குத்தான் எடை அதிகம். பழைய சான்றிதழில் 'பத்து ரூபாப் பங்கு' என்று அச்சிட்டிருக்கும். பங்குக்கு முகப்பெறுமதி என்ற ஒன்றையே அந்தச் சட்டம் எடுத்துவிட்டது. ஏட்டில் பெயர்கள் அகரவரிசையில் இருக்கவேண்டும். கடைசியாகத் தெரிந்த முகவரி, எந்த வகைப் பங்கு எத்தனை, எப்போது வந்தது, யாரிடம் போனது என்பனவும் வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளுக்குள் பங்கை விட்டுப் போனவர்களின் பெயரும் அதில் கிடக்கவேண்டும். எனக்கு மிகப் பிடித்தது இந்த ஏற்பாடுதான். யார் இருக்கிறார்கள் என்பதைவிட யார் எப்போது வெளியேறினார்கள் என்பது பல வேளை அதிகம் பேசும்.

ஆனால் தன் வரியை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர் ஏமாறுவார். வெள்ளவத்தை காலி வீதியில் மூன்று சகோதரர்கள் ஒரு புடவைக்கடையைப் பிரைவேட் கம்பனியாக நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 பங்கு. மூத்தவருக்கு 400, தம்பிமார் இருவருக்கும் 300 வீதம். கடைக்குட்டி லண்டனில். கடைக்குப் பணம் முடைப்பட, புதிதாக 500 பங்கு வெளியிட்டு அவ்வளவையும் மூத்தவர் எடுத்துக்கொள்கிறார். கடைக்குட்டியின் வரியில் அதே 300. ஒரு பங்கும் குறையவில்லை. ஆனால் 1,000இல் 300 என்பது 30 சதவீதம். 1,500இல் 300 வெறும் 20. மூத்தவரோ 40இலிருந்து 60க்கு ஏறிவிட்டார். சாதாரண தீர்மானத்துக்கு அவருக்கு இனி எவர் கையும் தேவையில்லை. அமைப்பு விதிகளை மாற்றுவது போன்ற பெரிய காரியங்களுக்கு 75 சதவீத வாக்குடன் விசேட தீர்மானம் வேண்டும். முன்பு கடைக்குட்டி தனியே நின்று அதைத் தடுத்திருக்கலாம், மற்ற இருவரும் சேர்ந்தாலும் 70தான். இப்போது அவர்களிடம் 80 இருக்கிறது.

மூத்தவர் பக்கமும் நியாயம் இருக்கலாம், கடை தள்ளாடியபோது காசு போட்டவர் அவர்தானே. ஆனாலும் இப்படி ஒருவரின் விகிதம் சத்தமில்லாமல் சுருங்கக்கூடாது என்பதற்காகத்தான், புதுப்பங்கை முதலில் இருக்கிற பங்குதாரர்களுக்கே அவரவர் விகிதப்படி கொடுக்க முன்வரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூடவே ஒரு வாலும் உண்டு: கம்பனியின் அமைப்பு விதிகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால். ஆகவே ஏட்டை விதிகளோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும். புதுப்பங்கு வெளியீட்டுக்கான படிவம் 6, ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் படிவம் 15 ஆகியவை கம்பனிகள் பதிவாளரிடம் போய்ச் சேர்கின்றன. கட்டணம் கட்டி அவற்றின் பிரதியைப் பெறலாம். அண்ணனிடம் கேட்கக் கூச்சப்படும் தம்பிமாருக்கு வசதியான வழி.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகளில், அந்த ஒல்லாந்தக் கணக்கப்பிள்ளையின் இடத்தில், 1991இல் கொழும்புப் பங்குச் சந்தை தொடங்கிய மத்திய வைப்பு முறைமை இருக்கிறது. எல்லாரும் சொல்வது 'சிடிஎஸ்'. காலாண்டு அறிக்கையின் பின்பக்கங்களில் முதல் இருபது பங்குதாரர் பட்டியல் வரும். அதில் சில வரிகளில் ஒரு வங்கியின் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு ஒரு தனியாளின் பெயர். பெரும்பாலும் பங்கை ஈடுவைத்துக் கடனில் வாங்கியிருப்பதன் அடையாளம் அது. விலை சரிந்தால் அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பவர் வலப்பக்கம் இருப்பவரின் பங்கை விற்கத் தொடங்கலாம். இலாபக் கணக்கைப் படிக்குமுன் நான் இந்தச் சாய்கோடுகளை எண்ணிப் பார்ப்பேன்.

ஏடு வேண்டுமென்றே பார்க்க மறுக்கும் ஒன்றும் உண்டு. ஒருவர் இன்னொருவருக்காகப் பங்கை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தால் அதை ஏட்டில் குறிக்கவே கூடாது என்பது ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்த பழைய விதி. கடைக்குட்டி "என் பங்கும் அண்ணன் பெயரிலேயே இருக்கட்டும்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தால், கூட்ட அறிவித்தல், பங்கிலாபம், வாக்கு மூன்றும் அண்ணனுக்கே போகும். கம்பனி அதற்குமேல் கேட்கவேண்டியதில்லை. ஊழல் பணமும் இதே நிழலில்தான் ஒதுங்கியது. 2025இல் வந்த திருத்தச் சட்டம், பெயருக்குப் பின்னால் உண்மையில் பலனடையும் மனிதர் யார் என்பதையும் கம்பனிகள் பதிந்து பதிவாளருக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது. வாக்குச்சீட்டு மட்டும் இன்றும் ஏட்டில் உள்ள பெயருக்கே போகிறது.